தேக்காவில் வளர்ந்த தாளம்: உறுமி முதல் காங்கா வரை

சிங்கப்பூரில் தோல்கருவி கற்றவர்களின் வரலாற்றை எழுதும்போது கச்சேரி மேடையிலிருந்து தொடங்குவது முறையாகாது. கோயில் வாசலில் இருந்துதான் தொடங்க வேண்டும். 1827-இல் நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலை எழுப்பினார். 1855-இல் சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும், 1859-இல் நகரத்தார் முயற்சியால் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலும் எழுந்தன. இவற்றைக் கட்டியவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்தக் கோயில்களில் தவில் வாசித்தவர்களுக்கும், திருவிழா நாளில் தப்பும் உறுமியும் தூக்கி வந்த தொழிலாளர்களுக்கும் கல்வெட்டு இல்லை. பகலெல்லாம் சாலை போட்டவர்கள், சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவர்கள், மாட்டுப் பட்டிகளில் உழைத்தவர்கள் அவர்கள். இந்த மலரில் முதல் வணக்கம் அவர்களுக்கே.

அதே நூற்றாண்டில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு கூட்டம் கரும்புத் தோட்டங்களில் வெந்துகொண்டிருந்தது. கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அவர்கள். காங்கோ பகுதியிலிருந்து வந்தவர்கள் யூக்கா, மக்கூத்தா என்ற முரசுகளின் நினைவைக் கொண்டுவந்தார்கள். யொருபா மக்கள் பாத்தா என்ற இருமுக முரசைக் கொண்டுவந்தார்கள். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-இல். விடுதலை பெற்றவர்கள் ஹவானா, மத்தான்சாஸ் துறைமுகங்களில் சுமை தூக்கினார்கள்; மாலையில் முற்றங்களில் கூடி ரும்பா ஆடினார்கள். முரசு கிடைக்காதபோதும், வாசிக்க விடாதபோதும், கருவாடு வந்து இறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். அந்த முற்றங்களில் உருவானதுதான் இன்று நம் பிள்ளைகள் கற்கும் காங்கா. அந்தக் காலத்துக் காங்காவுக்கு இரும்புத் திருகு கிடையாது. தோலை ஆணி அடித்துப் பொருத்தி, தீயில் காட்டிச் சுருதி ஏற்றினார்கள். பறையைத் தீயில் காய்ச்சி எடுக்கும் நம் கலைஞர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டு கதைகளும் முதன்முதலில் அருகருகே வந்து நின்ற இடம் தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பது நமக்குப் பெருமை. 1923-இல் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹொக் சகோதரர்கள் ஜாலான் புசாரில் ‘நியூ வோர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். அடுத்து 1931-இல் கிம் செங் சாலையில் ‘கிரேட் வோர்ல்ட்’, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கேலாங்கில் ‘ஹேப்பி வோர்ல்ட்’ என்று நகரின் மூன்று ‘உலகங்களும்’ அமைந்தன. நியூ வோர்ல்டில் ஒரு பக்கம் பங்சாவான் நாடகம், ஒரு பக்கம் ரோங்கெங் ஆட்டம், ஒரு பக்கம் குத்துச்சண்டை, நடுவில் ‘கேபரே’ நடன அரங்கு. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் தவில் கேட்டு வளர்ந்தவர் கிச்சனர் சாலை வழியாக நடந்தால் சில நிமிடங்களில் நடனக் குழுவின் டிரம்ஸ் ஓசைக்குள் போய்விடலாம். அந்த நடனக் குழுக்களில் பெரும்பங்கு பிலிப்பீன் இசைக் கலைஞர்களுடையது. சிங்கப்பூர் மேற்கத்திய இசையைக் கற்றதில் அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

1930-இல் டான் அஸ்பியாசுவின் ஹவானா இசைக்குழு நியூயார்க்கில் ‘எல் மனிசெரோ’ என்ற கடலை விற்பவனின் பாட்டைப் பதிவு செய்தது. அந்தத் தட்டு உலகமெங்கும் விற்றது. லண்டனிலிருந்து லியோபோல்ட்வில் வரை நடன அரங்குகள் ரும்பா பைத்தியம் பிடித்து ஆடின. துறைமுக நகரமான சிங்கப்பூர் இதற்கு விலக்கல்ல. முதலில் வந்து சேர்ந்தவை மராக்காஸ் என்ற குலுக்குக் கருவியும் சிறிய இரட்டை முரசான போங்கோவும்தான். பெரிய காங்கா வர இன்னும் காலம் இருந்தது. அப்போது அது தன் தாய்நாட்டிலேயே வீதிக்கு வர முடியாமல் கிடந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். காங்கா கற்கும் ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய செய்தி இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் திருவிழா ஊர்வலக் குழுக்கள் தடை செய்யப்பட்டன. 1925-இல் சாந்தியாகோ நகர மேயர் தெசிதேரியோ ஆர்னாஸ் அந்த நகரின் வீதிகளிலும் காங்காவுக்குத் தடை விதித்தார். பொது ஒழுங்குக்குக் கேடு என்பது காரணம். அதே மேயரின் மகன் தேசி ஆர்னாஸ், 1930களின் பிற்பகுதியில் மயாமி நகர விடுதிகளில் காங்காவைத் தோளில் மாட்டிக்கொண்டு, விருந்தினர்களை வரிசையாக ஆடவைத்துப் புகழ்பெற்றார். ஹவானாவில் 1937-இல் ஊர்வலங்கள் மீண்டன. ஏறத்தாழ 1940-இல் கண்பார்வையற்ற மேதை ஆர்செனியோ ரோத்ரிகேஸ் காங்காவைத் தம் இசைக்குழுவில் நிரந்தரமாகச் சேர்த்தார். வீதிக் கருவி மேடைக் கருவியானது அப்படித்தான்.

இங்கே 1930கள் தமிழர்களின் விழிப்புக் காலம். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். கூலிகளாக வந்தவர்கள் சமூகமாக நிமிர்ந்த காலம் அது. பிறகு 1942 முதல் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் ஆட்சி. அமெரிக்க, பிரிட்டிஷ் இசைக்கு இடமில்லை; கேளிக்கைப் பூங்காக்களில் சூதாட்டம் கொழித்தது. பசியும் அச்சமும் நிறைந்த அந்த நாட்களில், 1943 ஜூலையில் கேத்தே கட்டடத்தில் நேதாஜி பொறுப்பேற்ற பின், இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு முரசு நம் தோட்டத் தொழிலாளர்களைப் படைவீரர்களாக்கியது. திரும்பி வராதவர்கள் பலர்.

போர் முடிந்த பின் வந்த பத்தாண்டு, என் மதிப்பீட்டில், இந்த வரலாற்றின் விதை விழுந்த காலம். 1949-இல் கலையார்வம் கொண்ட சிலர் கூடி சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார்கள். இன்று ‘சிஃபாஸ்’ என்று வீடுதோறும் சொல்லும் பெயர் அது. கோயில் சார்ந்தும் குடும்பம் சார்ந்தும் இருந்த மிருதங்கக் கல்வி, சேர்ந்து பயில விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும் கல்வியாக மாறத் தொடங்கியது அதன் பிறகுதான். 1952-இல் கே.பி. பாஸ்கர் தம் நடனப் பள்ளியைத் தொடங்கினார். 1955-இல் வந்து சேர்ந்த சாந்தா பாஸ்கர் 1958-இல் சீனக் காதல் கதையான ‘பட்டாம்பூச்சிக் காதலர்’களைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். பிற்காலத்தில், 1990-இல், அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. நாட்டியம் வளர்ந்த இடத்தில் மிருதங்கமும் நட்டுவாங்கமும் சேர்ந்தே வளரும். 1952-இல் சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், மேடையே ஏறாத எத்தனையோ கைகளுக்கு மேடை கொடுத்தது.

அதே ஆண்டுகளில் கியூபாவின் தாளம் வெள்ளமாக வந்தது. 1947 செப்டம்பரில் நியூயார்க் கார்னெகி ஹாலில், டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவோடு சானோ போசோ என்ற ஹவானாக்காரர் காங்கா வாசித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்லெமில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்றரை ஆண்டுகூட இல்லாத அந்தக் கூட்டு, ஜாஸ் இசையின் போக்கையே திருப்பியது. பெரெஸ் பிராதோவின் மாம்போவும் என்ரிக்கே ஹொரினின் சா-சா-சாவும் 1950களில் உலகை ஆட்டிப் படைத்தன. சிங்கப்பூரின் மூன்று ‘உலகங்களிலும்’ சா-சா இல்லாத இரவு இல்லை. 1957-இல் கிரேஸ் சாங் நடித்து ஆசியா முழுவதும் ஓடிய ‘மாம்போ கேர்ள்’ ஹாங்காங்கில் எடுத்த படம்தான். ஆனால் தயாரித்த நிறுவனம் நம் சிங்கப்பூரின் லோக் வான் தோவுடையது. ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் 1948 முதல் இருந்த பி. ரம்லி, அஸ்லி, ஜோகெட் தாளங்களோடு ரும்பாவையும் சா-சாவையும் குழைத்துப் பாட்டமைத்தார். அந்தப் படங்கள் பலவற்றை இயக்கியவர்கள் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்று இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய்ப் பாட்டு, கியூபத் தாளம், இந்திய இயக்குநர், சீன முதலாளி. சிங்கப்பூர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஸ்டுடியோவைக் காட்டலாம்.

தமிழ்ப் பிள்ளைகளின் காதில் காங்காவும் போங்கோவும் ஆழப் பதிந்ததற்கு வேறொரு வழியும் உண்டு. அது சென்னையிலிருந்து வந்த சினிமா. மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இசையில் 1964-இல் ‘புதிய பறவை’ வந்தது. 1969-இல் விஸ்வநாதன் இசையில் ‘சிவந்த மண்’ வந்தது. நோயல் கிராண்ட் போன்ற ஆங்கிலோ-இந்தியக் கலைஞர்கள் அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் லத்தீன் தாளக் கட்டுகளைத் தமிழ்ப் பாட்டுக்குள் அமர்த்தினார்கள். கல்யாண வீடுகளிலும் சமூக மன்றங்களிலும் மெல்லிசைக் குழுக்கள் அந்தப் பாட்டுகளை வாசிக்க வேண்டுமென்றால் தபேலாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ‘டும்பா’ இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. மெல்லிசைக்காரர்கள் காங்காவை அப்படித்தான் அழைத்தார்கள். பாடம் சொல்ல ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. சினிமா பார்த்து, தட்டுக் கேட்டு, தபேலாக் கையை வைத்தே ஒப்பேற்றிக் கற்றார்கள். 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தபின் கை எப்படி அசைகிறது என்பதையாவது பார்க்க முடிந்தது.

1973 நம் வரலாற்றின் கடினமான ஆண்டு. தைப்பூச ஊர்வலத்தில் குழுக்களிடையே எழுந்த சண்டைகளைக் காரணம் காட்டி, ஊர்வலப் பாதையில் இசைக்கருவி வாசிக்கத் தடை வந்தது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல், காவடி தூக்கியவருக்கு வேல் வேல் என்ற முழக்கமும் கைதட்டலும்தான் துணை. தோளில் அலகு, காலில் சூடு, காதில் மேளம் இல்லை. அலகு குத்தியவரின் மூச்சையும் நடையையும் ஒரே கதியில் பிடித்து நிறுத்துவது உறுமியின் வேலை. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் இல்லாமல் அத்தனை தூரம் நடப்பது எவ்வளவு பெரிய தவம் என்பது நடந்தவருக்குத் தெரியும். ஒரு தலைமுறை முழுவதும் அப்படி நடந்தது. ஆனாலும் கருவி சாகவில்லை. கோயில் வளாகத்துக்குள்ளும் திருமண வீடுகளிலும் உறுமி ஒலித்தது. ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் அது வீதியிலேயே முழங்கியது. கற்க விரும்பியவருக்கு வழி அடைபடவில்லை. சாந்தியாகோவின் காங்காக்காரர்களும் நம் உறுமிக்காரர்களும் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் அவர்களுக்கிடையே பேச நிறைய இருந்திருக்கும்.

தடை வந்த அதே 1973-இல்தான் முதல் சிங்கே அணிவகுப்பும் நடந்தது. சில ஆண்டுகளில் அது எல்லா இனத்தாரின் முரசுகளும் ஒன்றாகச் செல்லும் விழாவாக விரிந்தது. 1977-இல் நீலா சத்தியலிங்கமும் அவர் கணவர் சத்தியலிங்கமும் ‘அப்சரஸ் ஆர்ட்ஸ்’ பள்ளியைத் தொடங்கினார்கள். கலாக்ஷேத்திரத்தின் ஒழுங்கு அவர்களோடு வந்தது. நீலா அம்மையாருக்கு 1989-இல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 1985-இல் மக்கள் கழகத்தின் ஆதரவில் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும் அமைந்தன. லலிதா வைத்தியநாதன் அவற்றை வழிநடத்தினார். மிருதங்கமும் தபேலாவும் மேற்கத்தியத் தாளக்கருவிகளும் ஒரே குறிப்பேட்டைப் பார்த்து ஒரே நடத்துநரின் கைக்கு வாசிக்கப் பழகியது நம் கலைஞர்களுக்குப் புதிய பயிற்சி. 1987-இல் நியூ வோர்ல்ட் மூடப்பட்டது. இன்று அங்கே சிட்டி ஸ்குவேர் அங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயிலை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும் இளையர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தப் பத்தாண்டுகளில் கருவியே நம் அருகில் வந்துவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தை நிறுத்தியதும், கியூப முரசுகள் கிடைக்காமல் நியூயார்க் கலைஞர்கள் தவித்தார்கள். 1964-இல் மார்ட்டின் கோஹன் என்பவர் ‘லத்தீன் பெர்க்கஷன்’ என்ற நிறுவனம் தொடங்கிச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். பின்னாளில் காங்கா உருவாக்கும் தொழில் பெருமளவு தாய்லாந்துக்கு நகர்ந்தது. 1983-இல் ‘டைகூன்’ நிறுவனமும் அங்கேயே தோன்றியது. அங்கே காங்காவுக்குப் பெரிதும் பயன்படும் மரம் எது தெரியுமா? ‘சயாம் ஓக்’ என்று பெயர் சூட்டி விற்கப்படும் ரப்பர் மரம். நம் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்த பின்தான் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டம் பரவியது. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் பாட்டன்கள் கப்பல் ஏறினார்கள். பால் வற்றியபின் வெட்டி விழுத்தும் அதே இன மரம், இன்று நம் பேரப்பிள்ளைகளின் முழங்கால்களுக்கு நடுவே முரசாக நிற்கிறது. இதை எழுதும்போது மனம் நெகிழ்கிறது.

1998-இல் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் ‘வோமாட்’ உலக இசை விழா வந்தது. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க முரசுக் கலைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நேரில் பார்க்கும் பேறு கிடைத்தது. 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் திறந்தது. அங்கே நடைபெறும் ‘கலா உத்சவம்’ இந்தியக் கலைகளுக்கு நகரின் நடு மேடையைத் தந்தது. 2003-இல் சிஃபாஸ் தன் இசை, நாட்டிய விழாவைத் தொடங்கியது. சென்னையின் சிவமணி போன்றோர் உடுக்கையையும் காங்காவையும் ஒரே மேடையில் வைத்து வாசித்த காலம் இது. தபேலா பிடித்த பிள்ளை காங்கா கேட்டால் வீட்டில் தடுக்கும் வழக்கமும் அதோடு குறைந்தது.

2010களின் தொடக்கத்தில் தைப்பூசத்தில் பக்திப் பாடல்கள் தொடர்பான விதிகள் தளர்ந்தன. 2016-இல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இந்து அறக்கட்டளை வாரியமும் தொண்டர்களும் அரசோடு பொறுமையாகப் பேசிப் பெற்ற பலன் அது. தடைக்கு முன் மேளம் கேட்டு நடந்த முதியவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று விளக்க வேண்டியதில்லை. அதே 2016-இல் யுனெஸ்கோ கியூபாவின் ரும்பாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் இன்னும் ஒரு படி: காவடியோடு நடந்தபடியே சில மரபுத் தோல்கருவிகளை வாசிக்கவும் அனுமதி வந்தது.

கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் முதல் வகுப்புகள் திரைக்குள் போயின. இணையத்தில் ஓசை ஒரு நொடி தாமதமாக வரும்; ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. ஆசிரியர்கள் வாசித்துக் காட்டிப் பதிவு அனுப்பினார்கள். மாணவர்கள் தனியே வாசித்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுக்குமாடி வீட்டில் முரசுப் பயிற்சி எளிதல்ல. இரவு 10.30 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னும் பக்கத்து வீட்டார் இருந்தார்கள். தோலின் மேல் துண்டை மடித்துப் போட்டு வாசித்தார்கள். தலையணையில் வாசித்தவர்களும் உண்டு. 2021, 2022 தைப்பூசங்களில் பாத ஊர்வலம் இல்லை. 2023 பிப்ரவரி 5-ஆம் தேதி அது மீண்டும் புறப்பட்டது, மேளத்தோடு.

இன்று காங்கா கற்க வரும் நம் பிள்ளைகளில் மிருதங்கமோ தபேலாவோ முன்பே பயின்றவர்கள் பலர். அவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்வது இந்த வரலாற்றின் கடமை. மிருதங்கத்தில் விரல்கள் தனித்தனியே வேலை செய்யும். மோதிர விரல் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் விழுந்தால்தான் ‘நம்’ கிடைக்கும். காங்காவில் அந்தப் பழக்கம் முதலில் தடையாகவே வரும். திறந்த ஓசைக்கு நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்து, கட்டைவிரல் விலகி, தோலின் விளிம்பில் விழுந்து உடனே எழ வேண்டும். ‘ஸ்லாப்’ என்னும் வெடிப்பு அடிக்குக் கையைச் சற்றே குவித்து விரல் நுனிகளால் தோலைப் பிடிக்க வேண்டும். பலத்தால் அது வராது, முதல் சில வாரம் கை வீங்குவதுதான் மிச்சம். நடுவில் முழு உள்ளங்கை விழுந்தால் அடிநாதம். பிறகு உள்ளங்கையின் அடியையும் விரலையும் மாற்றி மாற்றி ஊன்றும் அசைவு. இவை கைவந்த பின் ‘தும்பாவோ’: எட்டு அடி கொண்ட ஒரு சுற்று. அடிக்கை, விரல், வெடிப்பு, விரல், அடிக்கை, விரல், கடைசியில் இரண்டு திறந்த ஓசை. ஆடுபவரின் கால் காத்திருப்பது அந்தக் கடைசி இரண்டுக்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ‘கிளாவே’. இரண்டு மரக்கட்டைகளைத் தட்டும் ஐந்து அடிகள். அந்தக் கட்டைகளுக்கும் அதே பெயர். பாட்டு, முரசு, ஆட்டம் அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டவை. மேற்கத்தியப் பாடநூல்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்கும். சொல்கட்டு தெரிந்த பிள்ளைக்கு ஒரு வரி போதும். நான்கு அடித் தாளத்தைச் சதுஸ்ர நடையில், பதினாறு மாத்திரையாகக் காலில் வைத்துக்கொண்டு, வாயில் ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டினால் அதுதான் ‘சோன் கிளாவே’. 3, 3, 4, 2, 4. கூட்டினால் பதினாறு. பாட்டு இந்தச் சுற்றின் முதல் பாதியிலிருந்தும் தொடங்கலாம், இரண்டாம் பாதியிலிருந்தும் தொடங்கலாம். எடுப்பு மாறினாலும் தாளம் மாறாது என்பது நமக்குப் பழகிய பாடம்தான். தொடங்கிய பின் கிளாவேயை நடுவில் திருப்பக் கூடாது.

இது வாயில் நின்றபின் ‘ரும்பா கிளாவே’. மத்தான்சாஸ், ஹவானா முற்றங்களில் பிறந்த குவாகுவாங்கோவுக்கு உரியது அது. ‘தகிட தகதிமி தகிட தக தகதிமி’. மூன்றாவது அடி மட்டும் ஒரு மாத்திரை தள்ளி விழுகிறது; மற்ற நான்கும் அதே இடத்தில். வாய்க்கு அது அரை மணி நேரத்தில் வந்துவிடும். கைக்குப் பல மாதம் ஆகலாம். தாழ்ந்த சுருதி ‘தும்பா’வும் நடுச் சுருதி முரசும் தம் கட்டுகளை விடாமல் பிடித்திருக்க, மேல் சுருதி ‘கின்தோ’ ஆடுபவரோடு பேச ஆரம்பிக்கும். மூவர் சேர்ந்து வாசித்தால்தான் இது பிடிபடும். ஆகவே வகுப்புக்குத் தனியே வராமல், இரண்டு நண்பர்களையும் அழைத்து வாருங்கள்.